தப்பே இல்லாத விடைத்தாள்

என் வீட்டுக்காரர் பார்த்திபன் நெய்த சேலையில் குறை கண்டுபிடித்த ஆள் ஆரணியில் இன்னும் பிறக்கவில்லை. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொள்வார். டீக்கடையில் சொல்வார், முதலாளி கடையில் சேலையைப் பிரித்துக் காட்டும்போது சொல்வார். என் தம்பி கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரரிடம் சாம்பார் வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

ஆனால் அது பொய்யில்லை. குறுக்கே ஓடும் ஊடை நூல் ஓடக்கூடாத இடத்தில் ஓடிவிட்டாலோ, கரையில் ஒரு பூ கொஞ்சம் தள்ளி விழுந்துவிட்டாலோ, மற்றவர்கள் யாருக்குத் தெரியப்போகிறது என்று மேலே நெய்துகொண்டு போவார்கள். இவர் தறியை நிறுத்திவிடுவார். நெய்ததையெல்லாம் இழை இழையாக உருவிக்கொண்டு, தப்பு நடந்த இடம்வரை பின்னாலேயே போவார். அரை நாள் வேலை வீணானாலும் கவலையில்லை. எதிரில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருக்கும் என்னிடம் "பிரிக்கிறேன், பானு" என்று மட்டும் சொல்வார். அன்றைக்கு அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த மனுஷன் எங்கள் மகள் பவித்ராவுக்குக் கணக்குப் பாடம் பார்த்துக்கொண்ட கதை இது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர் பத்தாவது கணக்கை எப்படிப் பார்த்துக்கொள்ள முடியும் என்று கேட்பீர்கள். அங்கேதான் எங்களுக்குச் சனி பிடித்தது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். தலைமை ஆசிரியை மைக்கைப் பிடித்து, "சாயந்திரம் ஒரு மணி நேரம் டிவிய அணைச்சிட்டு, பிள்ளைங்க பக்கத்துல உக்காருங்க. நீங்க ஒண்ணும் சொல்லித்தர வேணாம், உக்காந்தா போதும்" என்றார். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் கேட்டைத் தாண்டுவதற்குள் அதை மறந்துவிட்டார்கள். இவர் மறக்கவில்லை. ஆனால் பேச்சின் முதல் பாதிதான் அவர் காதில் ஏறியிருந்தது.

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். ஆறு மணிக்குத் தறிக்குழியிலிருந்து எழுந்து, கை கால் கழுவி, சட்டை போட்டுக்கொண்டு பவித்ரா பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வீட்டில் சட்டையே போடாத மனுஷன், மகள் படிப்புக்காகச் சட்டை போட்டதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெருவில் இரண்டு மூன்று பேரிடம் சொல்லியும் வைத்தேன். அவர்கள் வீட்டு ஆம்பிளைகள் அந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள் என்று ஊருக்கே தெரியும்.

பவித்ரா சும்மாவே கணக்கில் கெட்டிக்காரி. ஒன்பதாவதில் எண்பதுக்கு மேல் வாங்கினாள். பதினொன்றாவதில் கணக்கும் கம்ப்யூட்டரும் சேர்ந்த பிரிவை எடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்குப் பத்தாவதில் கணக்கு மார்க் நன்றாக வர வேண்டும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடெல்லாம்.

இவருக்கு அல்ஜீப்ரா தெரியாது. ஆனால் டிசைன் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளதும் தறியில் விழுவதும் ஒன்றுதானா என்று பார்த்துப் பார்த்துக் கண் பழகியவர். அதே கண்ணோடு உட்கார்ந்தார். இடது கையில் விடை போட்ட கைடு, வலது கைவிரல் மகள் நோட்டில். அவள் எழுத எழுத, இவர் வரிக்கு வரி ஒப்பிடுவார்.

"நில்லு. இங்க மைனஸ் கீது, நீ ப்ளஸ் போட்டுகீற. பிரி."

பவித்ரா ரப்பரை எடுப்பாள்.

"அந்த வரிய மட்டும் இல்ல. மேலேர்ந்து பிரி. தப்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

முழுக் கணக்கையும் அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். எழுத்து கோணினால் பிரி. சமக்குறி வரிசையாக நிற்காவிட்டால் பிரி. ஒருமுறை விடை சரியாக வந்தும், கைடில் நாலு வரியில் முடிந்த கணக்கு இவள் நோட்டில் ஆறு வரி ஓடிவிட்டது என்று பிரிக்கச் சொன்னார். "அப்பா, இது வேற வழிப்பா, டீச்சர் இப்படியும் போடலாம்னாங்க" என்றாள். "டிசைன்ல இல்லாத பூவ நான் போட்டா முதலாளி எட்துப்பாரா?" என்று கேட்டார். பாவம், குழந்தை அதற்கு என்ன பதில் சொல்லும்? அழித்தாள்.

ஒரு கணக்கு கைடில் இருப்பதுபோல் வந்து நிற்காமல் அடுத்த கணக்குக்குப் போகக்கூடாது. ஒரு சாயங்காலத்துக்கு இரண்டு கணக்கு தேறினால் பெரிது. ஆனால் அந்த இரண்டும் முத்து முத்தாக இருக்கும். இவர் நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சேலையைப் பார்ப்பது மாதிரியே பார்ப்பார்.

காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் நாற்பத்தொன்று வந்தது.

"கவனம் பத்தல" என்றார் இவர். ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரமானது. போதாக்குறைக்கு இன்னொரு கைடும் வாங்கி வந்தார். வியாதி என்னவென்று தெரியாமல் மருந்தை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. முன்பெல்லாம் பள்ளியிலிருந்து வந்ததும் ராட்டை பக்கத்தில் குந்திக்கொண்டு, யார் யாரை என்ன சொன்னார்கள் என்று வாய் ஓயாமல் கதை சொல்லும் பெண், இப்போது வந்ததும் வராததுமாகக் கடிகாரத்தைப் பார்த்தாள். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் சிவந்து கிடந்தது. காலையில் நான் பெருக்கும்போது குப்பையில் பட்டு நூலைவிட ரப்பர் தூள்தான் அதிகம் வந்தது. அப்பா சட்டையை ஆணியிலிருந்து எடுத்தாலே அவள் முகம் விழுந்துவிடும்.

ஒருநாள் நான் நூல் சுற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, பத்தாவது முட்சிட்டு நான் நின்னுக்கிறேம்மா. பஜார்ல துணிக்கடையில பொண்ணுங்கள வேலைக்கு எட்துகினு கீறாங்க."

"இன்னாடி பேசற? கம்ப்யூட்டரு படிக்கணும்னு குதிச்சிகினு இருந்தியே?"

"அதுக்கெல்லாம் மூளை வேணும்மா. எனக்கு இல்ல. எவ்ளோ எழுதினாலும் தப்பா வருது."

நான் ராட்டையை நிறுத்திவிட்டேன். நன்றாகப் படிக்கிற பிள்ளை தனக்கு மூளை இல்லை என்று தானே முடிவுகட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இவரிடம் சொன்னேன். "டீச்சரப் போய்ப் பார்ப்போம்" என்றார். அந்த ஒரு விஷயத்தில் மனுஷனைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு ஒன்று என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்கிற ஆள் இல்லை.

மறுநாளே அமாவாசை, போனோம். அமாவாசைக்கு எங்கள் தெருவில் தறி ஓடாது. இவர் தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

கணக்கு டீச்சர் பெயர் சுபலட்சுமி. இங்கே பக்கத்துச் சேத்துப்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். எங்களை உட்கார வைத்து, பவித்ராவையும் வகுப்பிலிருந்து கூப்பிட்டு, காலாண்டு விடைத்தாளை இவர் கையில் கொடுத்தார். இவர் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். விரல் வரிக்கு வரி ஓடியது. எங்கேயும் சிவப்பு வட்டம் இல்லை, பக்கம் திருப்பத் திருப்ப முகம் மலர்ந்தது. கடைசியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்:

"டீச்சர், இதுல ஒரு தப்பு கூட இல்லையேங்க! அப்புறம் ஏன் நாப்பத்தொண்ணு?"

"தப்பே இல்லைங்க" என்றார் டீச்சர். "அதாங்க என் கவலையே."

இவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"எழுதின அத்தனைக்கும் முழு மார்க் போட்டிருக்கேன். ஆனா பாதிக்கு மேல அவ எழுதவே இல்லைங்க. அஞ்சு மார்க் கணக்குல ரெண்டுதான் போட்டிருக்கா. கிராஃப், ஜியாமெட்ரி பக்கமே போகல. அன்னைக்கு அந்த ஹால்ல நான்தான் நின்னுகிட்டிருந்தேன். ஒரு கணக்க முழுசாப் போடுவா, எங்கயோ சின்னதா ஒரு அடித்தல் வந்துடும், உடனே முழுக் கணக்கையும் கோடு போட்டு அடிச்சிட்டு முதல்ல இருந்து எழுதுவா. 'விட்டுட்டு அடுத்ததுக்குப் போம்மா'ன்னு பக்கத்துல போய்ச் சொன்னேன். என்னை நிமிர்ந்து பார்த்துட்டு மறுபடியும் அடிச்சா. மணி அடிச்சதும் பேப்பர வாங்கறேன், அப்பவும் அதே கணக்கத்தான் எழுதிகிட்டிருந்தா. யாருங்க இவளுக்கு இப்படிப் பழக்கம் பண்ணது?"

பவித்ரா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவைக் காட்டிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது லேசான காரியம் இல்லை.

இவர் விடைத்தாளை மெதுவாக மூடி டீச்சர் மேஜைமேல் வைத்தார்.

"நான்தாங்க" என்றார்.

பவித்ராவை வகுப்புக்கு அனுப்பிவிட்டு மொபெட்டில் திரும்பி வரும்போது இவர் கோட்டை மைதானத்துக்குப் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டினார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது.

"பிரி, பிரின்னு சொல்லி சொல்லி பிள்ளை மனசையே பிரிச்சிட்ட நீ! துணிக்கடையில நிக்கிறேன்னு சொல்ற அளவுக்குக் கொண்டாந்து உட்டுட்ட!"

"பின்ன தப்ப உட்டுட்டு மேல போவச் சொல்றியா?" இவர் குரலும் ஏறியது. "ஒரு தப்பு மேல இன்னொண்ண நெய்ஞ்சிகினே போனா, சேலை பூரா தப்பாப் பூடாதா? முப்பது வருசமா நான் கத்துகினதே அது ஒண்ணுதான். அதத்தானே எம்பொண்ணுக்குக் கொடுக்க முடியும்? வேற இன்னா கீது எங்கிட்ட?"

அப்படிக் கேட்டபோது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. என் கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. கெட்ட எண்ணம் இருந்தால் திட்டலாம். தன்னிடம் இருக்கிற ஒரே நல்ல பொருளை மகளுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிற ஆளை என்னவென்று திட்டுவது?

"கேளு" என்றேன். "நீ சேலை நெய்யறப்போ யாருனா மணி அடிக்கறாங்களா?"

"இல்ல."

"அவளுக்கு அடிக்கறாங்க. சேலை காத்துகினு இருக்கும், நீ பொறுமையாப் பிரிக்கலாம். பரீட்சை காத்துகினு இருக்குமா? மணி அடிச்சா தறியோட புடுங்கினு பூடறாங்களே! முந்தானையும் இல்லாம, உடம்பும் பாதியா, கரை மட்டும் சுத்தமா ஒரு சேலையக் கொண்டுபோய்க் கொடுத்தா உன் முதலாளி எட்துப்பாரா?"

இவர் வண்டியை உதைத்துக் கிளப்பினார். "ஏறு" என்றார். அதுதான் அவர் ஒப்புக்கொண்டதற்கு அடையாளம். முப்பது வருஷப் பழக்கம் வேறு எப்படி ஒப்புக்கொள்ளும்?

அன்று சாயங்காலம் வீட்டில் புதுச் சட்டம் வந்தது. பூஜை மணி என் கையில். டீச்சர் சொல்லி அனுப்பிய கணக்குப்படி, ஒரு கணக்குக்கு இவ்வளவு நேரம் என்று செல்போனில் பார்த்துக்கொண்டு நான் மணி அடிப்பேன். அடித்தால், கணக்கு முடிந்தாலும் முடியாவிட்டாலும் அடுத்ததுக்குப் போக வேண்டும். ரப்பரை இவர் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கைடு பரண்மேல் ஏறியது. இவர் வேலை, தலைமை ஆசிரியை முதலிலேயே சொன்ன வேலை: பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது.

சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கை நோட்டை நோக்கிப் போகும். போன கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொள்வார். தப்பு ஒன்று கண்ணில் பட்டால் தொண்டையைச் செருமுவார். நான் முறைப்பேன். "சளி" என்பார்.

ஆனால் பவித்ரா நம்பவில்லை. மணி அடித்தாலும் பேனா நகராது. அடித்துவிட்டு எழுதப்போகும் கை அந்தரத்தில் நிற்கும், அப்பாவை ஓரக்கண்ணால் பார்ப்பாள், பயந்து பயந்துதான் அடுத்த கணக்குக்குப் போவாள். எத்தனை மாதப் பயம் அது! ஒரு மணிச் சத்தத்துக்கு ஓடிவிடுமா?

ஒரு வாரம் போனபின் ஒருநாள் அவள் ஒரு காரியம் செய்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை கூடச் செய்யாத தப்பு. ஏழு எட்டு ஐம்பத்து நாலு என்று, நல்ல பெரிய எழுத்தில், நோட்டின் நடுவில் எழுதிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். வேண்டுமென்றேதான் எழுதியிருக்கிறாள் என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஏழாம் வாய்ப்பாட்டை நாலு வயதில் தறியின் சத்தத்துக்குத் தாளம் போட்டுப் பாடிய பெண் அவள்.

இவர் பார்த்தார். அல்ஜீப்ரா தெரியாதவருக்கும் ஏழு எட்டு தெரியும். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. கை தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. போச்சு, ஒரு வாரப் பாடு போச்சு என்று நான் மணியைக் கீழே வைத்துவிட்டேன்.

வந்த கை மகளின் தலைமேல் போய் உட்கார்ந்தது.

"மேல போம்மா" என்றார். "அப்புறம் பார்த்துக்கலாம். மேல போ."

பவித்ரா அவரையே பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். அடக்க அடக்க வந்தது சிரிப்பு.

"அப்பா, அது அம்பத்தாறுப்பா!"

"எனக்குத் தெரியாதா?" என்றார் இவர். "உசுரு போய் வந்துச்சு!"

ரொம்ப நாள் கழித்து என் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம். அன்றைக்கு அவள் ஆறு கணக்குப் போட்டாள். மணி அடித்ததும் பேனா தானாக நகர்ந்தது. கடைசியில் மிச்சம் இருந்த நேரத்தில், விட்டுவிட்டுப் போன இடங்களுக்குத் திரும்பி வந்து தானே சரிசெய்தாள். அதற்கு யாரும் பிரி என்று சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து பள்ளிக்கூடக் கதைகளும் திரும்பி வந்தன. என் ராட்டைக்குத் துணை கிடைத்தது. துணிக்கடைப் பேச்சு அதன்பின் எழவில்லை.

அரையாண்டுப் பரீட்சை முடிந்து, விடுமுறையும் கழிந்து, ஒரு சாயங்காலம் விடைத்தாளோடு ஓடி வந்தாள். வாசலிலிருந்தே கத்தினாள்:

"அம்மா, எழுபத்தெட்டு! எல்லாக் கேள்வியும் எழுதிட்டேன்!"

இவர் தறியிலிருந்து எழுந்து வந்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு விடைத்தாளை வாங்கினார். விரல் வரிக்கு வரி ஓடியது. அங்கங்கே சிவப்பு வட்டம். ஓரிடத்தில் கூட்டலில் பிசகு, இன்னோரிடத்தில் ஒரு மைனஸ் காணாமல் போயிருந்தது, கிராஃபில் ஒரு புள்ளி தள்ளி விழுந்திருந்தது. பவித்ரா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். எத்தனை சிரித்துப் பழகினாலும் அந்த விரலைப் பார்த்தால் அவளுக்குக் கொஞ்சம் பயம்தான்.

கடைசிப் பக்கம்வரை போனார். கடைசி வரிவரை எழுத்து இருந்தது. அந்த வரிமேல் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் போனார். சட்டை போட்டிருக்கவில்லை. ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, தாளோடு தெருவில் இறங்கிவிட்டார்.

டீக்கடை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இவர் குரல் அங்கிருந்து இங்கே கேட்டது.

"எம்பொண்ணு ஏழு எடத்துல தப்பு பண்ணிகீறா! பாரு, ஏழு தப்பு! ஆனா ஒரு கேள்விய உடல!"

டீக்கடையில் யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. மகள் தப்புப் பண்ணினாள் என்று டீ வாங்கிக் கொடுக்கிற அப்பனை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பவித்ரா முகத்தை மூடிக்கொண்டாள். "ஐயோ, மானத்த வாங்கறாரும்மா" என்றாள். கையை எடுத்தபோது கண்ணெல்லாம் ஈரம். எனக்கும்தான்.

திரும்பி வந்து, அதே வேகத்தில் தறியில் உட்கார்ந்தார். நெய்துகொண்டே பேசினார். சுபலட்சுமி டீச்சரைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்றார், பதினொன்றாவதுக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று என்னைக் கேட்டார், பதிலுக்குக் காத்திராமல் அவரே ஒரு பள்ளிக்கூடம் சொன்னார். பவித்ரா தறிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று குனிந்து சேலையை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, நில்லு. கரையில பூ தள்ளி விழுந்துகீது."

இவர் குனிந்தார். நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். உண்மைதான். பேச்சு சுவாரசியத்தில் அரை முழத்துக்குமேல் அப்படியே நெய்துவிட்டிருந்தார். ஆரணியில் இன்னும் பிறக்காத ஆள் எங்கள் வீட்டிலேயே பிறந்து பதினைந்து வருஷம் ஆகிவிட்டிருந்தது.

இவர் தலையைச் சொறிந்துகொண்டு அவளைப் பார்த்தார். "மேல போயிடட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் கூடாது" என்றாள் பவித்ரா. அப்பா எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "உனக்கு யாரும் மணி அடிக்க மாட்டாங்க. பொறுமையாப் பிரி. நான் பக்கத்துல குந்திகினு இருக்கேன்."